புரவலர் கையில் கத்தரிக்கோல்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் இரண்டு பேர் கைவிரித்துவிட்டார்கள். மரம் நடுவது என்றால் நகைக்கடைக்காரருக்குச் சம்மதமாம். பத்திரிகை ஆசிரியர், "குழந்தைங்க படிப்புன்னா சொல்லுங்க, உடனே பேரைத் தர்றேன்" என்றார். நாங்கள் செய்வது படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது. இதற்குப் புரவலராக இருக்க எந்தப் பெரிய மனிதருக்கும் மூக்கு இடம் கொடுக்கவில்லை.

அண்ணி அசரவில்லை. தொடங்கியவர் அவர், நான் வெறும் எடுபிடி. ஆனால் தூக்கம் போனது எனக்குத்தான். துவைக்கும் இயந்திரங்கள் இருக்கும் கீழ்த்தள அறையைக் காலி செய்யச் சொல்லி 22ஆம் தேதி குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் வருகிறது. செயலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "நாலு பேர் மதிக்கிற பேரு உங்க பலகையில இருந்தா பேசலாம். இல்லேன்னா கட்டடத்துக்கே அசிங்கம்."

மார்ச் 5, வியாழன்

மெத்தைக் கடை முதலாளி சரி என்றார். கூடவே ஒரு நிபந்தனை. "என் பேரை மட்டும் போடுங்கம்மா, கடைப் பேரு வேணாம். ஈரம், நாத்தம்னா கஸ்டமருங்க மெரண்டுடுவாங்க." ஊரில் பாதி வீட்டில் அவர் மெத்தை. அதன் மேல் அவர் இலவசமாகக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட விரிப்பு. அவர் பேரைக் கேட்டாலே எல்லோருக்கும் மெத்தைதான் ஞாபகம் வரும். அதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

மார்ச் 6, வெள்ளி

காலை நிகழ்ச்சி வானொலிக்காரியோடு பேசினேன். நான். அவரோடு. தினமும் நான் பல் தேய்க்கும்போது பேசுகிற அதே குரல், "சொல்லுங்க" என்றது. எழுதி வைத்திருந்தது எல்லாம் பறந்துவிட்டது. "நீங்க சிரிக்கிறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று உளறினேன். அப்புறம் ஒருவழியாக விஷயத்துக்கு வந்தால், முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டார். எப்படி? இத்தனை பேர் முகம் சுளித்ததற்கு இவர் மட்டும் ஏன்? அண்ணிதான் "அவங்கள கேளு, ஒத்துக்குவாங்க" என்று அடித்துச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியுமோ.

கால் தரையில் பாவவில்லை. "புரவலர் ரெண்டு பேர் கெடைச்சாச்சு, ஒரு காபி கெடைக்குமா?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 11, புதன்

புரவலர் பெயர்கள் போட்ட பலகை வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 14, சனி

சிரிப்பா அழுகையா, எனக்கே தெரியவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விரிப்பில் பெயர் எழுத மாட்டோம். வீட்டுக்கு ஒரு நிறம் என்று மூலையில் நூல் தைத்து, நுனியைத் தொங்க விடுவோம். யார் வீட்டில் யார் படுக்கையை நனைக்கிறார் என்று அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. எந்த நிறம் எந்த வீடு என்பது எனக்கே தெரியாது. அண்ணிதான் போய் வாங்கி வருவார், கொண்டுபோய்க் கொடுப்பார்.

பலகை திறப்பு விழா அமர்க்களம். புகைப்படம், கைதட்டல், எல்லாம் ஆயிற்று. எல்லோரும் கிளம்பியும் மெத்தைக்காரர் கிளம்பவில்லை. "புரவலர்னா போட்டோவுக்கு நின்னுட்டுப் போறதா? வேலை குடுங்க" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, துவைத்த விரிப்புகளை மடிக்க உட்கார்ந்தார். தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டே நானும் அண்ணியும் நாற்காலிகளை அடுக்கப் போனோம்.

திரும்பி வந்தால் — விரிப்பெல்லாம் கடையில் அடுக்கிய மாதிரி விளிம்பு பிசகாமல் இருக்கிறது. பக்கத்தில் கத்தரிக்கோல். ஒரு கைப்பிடி வண்ண நூல்.

"எல்லாத்துலயும் நூல் தொங்கிட்டு இருந்துச்சும்மா. அப்படியே குடுத்தா நமக்கு மரியாதையா? நறுக்கிட்டேன்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாமே நீலக் கட்டம். எல்லாமே அவர் கடை விரிப்பு.

மார்ச் 15, ஞாயிறு

விரிப்புகளை மோந்து பார்க்காததுதான் பாக்கி. ஒன்றில் மைக்கறை, ஒன்றில் ஒட்டு, ஒன்றில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அடையாளம் இருக்கிறது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. வீடு வீடாகக் காட்டிக் கேட்கலாமே என்றேன். "ஒருத்தர் வீட்டு விரிப்பை இன்னொருத்தர்கிட்ட காட்டுறதா? அதுக்குக் கடையை மூடிட்டுப் போயிடலாம்." அண்ணி என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. மெத்தைக்காரர் வாசலிலேயே நிற்கிறார். எல்லோருக்கும் புதிதாகவே தருகிறேன் என்கிறார். "அப்போ எங்களுது யார் கையில போச்சுன்னு கேப்பாங்க. நம்பித்தானே குடுத்தாங்க?" என்றார் அண்ணி.

வானொலிக்காரிக்கு போன் போட்டு அழுதேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு முதல்முறையாக எனக்குப் பிடிக்கவில்லை. "அடையாளத்தை எல்லாம் அனுப்புங்க, நாளைக்குக் காலைல படிக்கிறேன்." ஊரே கேட்கும்போது எவர் கூப்பிடுவார்? மானம் போகாதா?

மார்ச் 16, திங்கள்

ஐயோ, எங்கே தொடங்குவது.

மூவரும் அறையில் வானொலி முன்னால். வானொலிக்காரி நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கத்தரித்தவர் பெயரோடு கடைப் பெயரும் வந்தது. நான் திடுக்கிட்டு மெத்தைக்காரரைப் பார்த்தேன். "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார்.

அப்புறம், "முதல் விரிப்பு. ஓரத்துல இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. இது என்னுது. எங்கப்பா படுத்த படுக்கையா இருக்கார். தினமும் நனையுது. துவைச்சுத் தர்றது இவங்கதான்."

அண்ணியைப் பார்த்தேன். அண்ணி விட்டத்தைப் பார்த்தார். என்ன அழுத்தம்!

பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடியும் முன்பே ஒரு பெண் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போனில் வந்தார். "மைக்கறை எங்க மாமியாருது." அடுத்து ஒரு பெரியவர்: "ஒட்டுப் போட்டது என் பொண்டாட்டிது. ஒட்டு நான் போட்டேன், அதான் கோணல்." மெத்தைக்காரர் குதித்ததில் இயந்திரமே ஆடியது. நிகழ்ச்சி முடிவதற்குள் எல்லா விரிப்புக்கும் வீடு கிடைத்துவிட்டது. "எங்க வீட்டுக்கும் வருவீங்களா?" என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. எனக்குப் பசிக்கவே இல்லை. சந்தோஷம் தொண்டை வரைக்கும் இருக்கிறது.

மார்ச் 18, புதன்

செயலாளர் படியில் பார்த்தார். "ரேடியோல நம்ம கட்டடத்தையே சொல்லிட்டாங்க." அவ்வளவுதான் பேச்சு. போச்சு, அறை போச்சு.

மார்ச் 22, ஞாயிறு

கூட்டம் சாயங்காலம். காலையிலேயே செயலாளர் இறங்கி வந்தார். காலி செய்யச் சொல்லத்தான் என்று எழுந்து நின்றேன். கையில் ஒரு மூட்டை. அதை இயந்திரத்தின் மேல் வைத்தார். அந்த வாடை எனக்குப் பழக்கம்.

"எங்க அம்மாது. இத்தனை நாளா கதவைச் சாத்திட்டு நானேதான் துவைச்சேன்."

எந்த நிறம் வேண்டும் என்று கேட்டு அண்ணி நூல் டப்பாவைத் திறந்தார்.

"பேரையே எழுதிக்கோங்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. "சார், சாயங்காலம் அந்தத் தீர்மானம்..." என்றேன்.

அண்ணி போட்டதும் இயந்திரத்துக்குள் சுற்றத் தொடங்கிய விரிப்பையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குள்ள காஞ்சிடுமா?" என்று மட்டும் கேட்டார்.