ஜாம்பி வரும் நாளுக்கு நான்கு குறிப்புகள்

கரிக்கலாம்பாக்கம்
14.5.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

இக்கடிதத்தில் உள்ளவை:
1. ஜாம்பியை அறிவது
2. ஒளியும் இடம்
3. சாப்பாடு
4. அழைப்பு

நானும் தெய்வநாயகியும் நலம். ஓராண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு இப்படியொரு கடிதமா என்று நினைக்க வேண்டாம். பேத்தி கீர்த்தி, செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கும் படம் பார்த்திருக்கிறாள். போனில், "தாத்தா, ஜாம்பி வந்தா நீயும் ஆயாவும் எங்க போவீங்க? எங்க வூட்டுக்குத்தான் வர மாட்டீங்களே" என்றாள். ஒரு வாரம் யோசித்து எழுதுகிறேன். பிழை இருக்கலாம்.

முதலாவது: ஜாம்பி தள்ளாடி நடக்கும், கூப்பிட்டால் திரும்பாது, கண் நிலைகுத்தியிருக்கும். எழுதியபின் படித்தால், பகல் தூக்கம் கலைந்து எழும் நானே அதுதான். ஆகவே கதவு தட்டுபவர், காலையில் என்ன குழம்பு என்று சொன்னால்தான் திறக்க வேண்டும்.

இரண்டாவது: எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை. சுற்றியிருந்த வயலெல்லாம் மனையாகிவிட்டதால் நாலு பக்கமும் வழி. உங்கள் புது வீட்டில் மாடிப்படிக்கு இரும்புக் கதவு உண்டாமே? நான் பார்த்ததில்லை, கீர்த்தி சொன்னாள். அதுவே தக்க இடம்.

மூன்றாவது: பத்து நாளைக்கு அரிசி, வடகம் நாங்கள் கொண்டுவருவோம். கருவாட்டு வாசனை ஜாம்பியை விரட்டுமா, அழைக்குமா என்று தெரியவில்லை. உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

நான்காவது: பெண் கொடுத்த வீட்டுக்கு அழைக்காமல் வர முடியாது. எனவே அன்றைக்கு நீங்கள் நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். தெய்வநாயகி இதில் இறங்கி வரமாட்டாள்.

பணிவுடன்,
அரங்கநாதன்


செல்லிப்பட்டு
20.5.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். என் வீட்டுக்காரி காசம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. உங்கள் மகள் ஜெயசித்ரா சிரிக்கவில்லை. 'நான் பார்த்ததில்லை' என்ற இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கருவாடு கட்டாயம் உண்டு. அதைத் தாண்டி வருகிற ஜாம்பிக்கும் ஒரு தட்டு போடுவோம்.

நான்காவதுதான் உதைக்கிறது. ஊரெல்லாம் ஜாம்பி திரியும்போது நான் தாம்பாளத்தோடு இங்கிருந்து கரிக்கலாம்பாக்கம் வர வேண்டுமா? கண்டக்டரே ஜாம்பியாக இருந்தால் டிக்கெட் யார் கொடுப்பது?

புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகையைப் போனில் அனுப்பியது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று முதல் பந்தியில் உங்களுக்குப் போட்ட இரண்டு இலையையும் பன்னிரண்டு மணி வரை யாரையும் எடுக்க விடவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரிகிருஷ்ணன்


கரிக்கலாம்பாக்கம்
26.5.2025

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

அந்த இரண்டு இலைகளை என்னால் மறக்க முடியவில்லை.

ஒத்திகை பார்க்காத திட்டம் பயனற்றது. ஜூன் 1, ஞாயிறு காலை எட்டு மணிக்கு இங்கிருந்து உங்கள் வீட்டுக்குப் புறப்படலாம் என்றிருக்கிறேன். தெய்வநாயகியிடம் இன்னும் சொல்லவில்லை. வராவிட்டால் தைரியம் போதவில்லை என்று கொள்ளவும்.

அரங்கநாதன்


கரிக்கலாம்பாக்கம்
2.6.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

ஒத்திகை அறிக்கை.

தெய்வநாயகி, "நா வில்லியனூர் வரைக்கும்தான் வருவேன். அழைக்காத வூட்டுக்கு ஜாம்பி தொரத்துனாலும் வர மாட்டேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏறினாள். பஸ் மாற வில்லியனூரில் இறங்கியதும் அரிசிப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் திரும்பிப் போகும் பஸ்ஸைத் தேட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் நீங்கள் தாம்பாளத்தோடு இறங்கினீர்கள். நாங்கள் கிளம்பும் முன்பே வீட்டுக்கு வந்து அழைத்துவிடப் பார்த்தீர்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

"சம்பந்தியம்மா, வூட்டுக்கு வாங்க" என்று அத்தனை பேர் நடுவில் தட்டை நீட்டினீர்கள்.

"இன்னா சம்பந்தி, வெத்தல வாடிக்கெடக்கு?"

"பஸ்ல நின்னுக்கினே வந்தேம்மா. நானும்தான் வாடிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். தட்டை வாங்கிக்கொண்டு எனக்கு முன்பே பஸ் ஏறினாள்.

செல்லிப்பட்டில் கீர்த்தி கதவைத் திறக்காமல், "காலைல இன்னா கொழம்பு?" என்று கேட்டதும், நாங்கள் மூவரும் மூன்று பதில் சொன்னதும் நீங்கள் அறிந்ததே. ஜெயசித்ரா ஓடிவந்து திறந்தாள். என் கையைப் பிடித்து ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். இரும்புக் கதவு உறுதியானது.

திரும்பும்போது தெய்வநாயகி, "அடுத்த ஞாயித்துக்கெழம ஜாம்பி வருமா?" என்று கேட்டாள்.

திட்டத்தில் ஒரு திருத்தம். நான்காவது குறிப்பு தவறு. ஜாம்பி வரும் நாளுக்கு மட்டுமல்ல, உங்கள் புதுமனை புகுவிழா நாளுக்கும் தவறு.

அன்புடன்,
அரங்கநாதன்