பரிவட்டத்துக்குப் போன டீசல்

9-7-1979, திங்கள்
உத்திரமேரூரில் இன்றும் டீசல் இல்லை. கிணற்றடி எஞ்சின் நான்கு நாளாகச் சும்மா நிற்கிறது. சொர்ணவாரி நெல்லில் கதிர் பொதி கட்டும் நேரம்; இப்போது தண்ணீர் நின்றால் பதர்தான். புங்க எண்ணெயில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். "பி.எஸ்.சி. படிச்சவ சொல்றா, கேட்டுக்கோ" என்று மெக்கானிக் ஐசக்கிடம் சிரித்தார் என் வீட்டுக்காரர். பிறகு என்ன தோன்றியதோ: "ஓடி, பயிர் பொழைச்சா உன் பொண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பறேன்." ஞானசுந்தரிக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சேர ஆகஸ்ட் ஆறு கடைசி நாள்.

14-7
ஓடியது! வயல் வேலைக்கு வரும் சிட்டம்மாள் பொறுக்கி வந்த புங்கங்கொட்டையை ஆட்டி, எண்ணெயை இரண்டு முறை வடிகட்டினேன். டீசலில் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி கொஞ்சம் டீசல் – இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் பிசினாய் இறுகிவிடும். இவரிடம் மூன்று முறை சொன்னேன். அதற்கென்றே, ஐசக் எங்கோ தேடிப் பிடித்த நான்கு லிட்டரைப் பூட்டி வைத்திருக்கிறோம். கசப்பு நெடி குமட்டுகிறது. ஞானசுந்தரி தண்ணீர் வந்த வாய்க்காலை விட்டு ஏறவே இல்லை.

19-7
திருப்புலிவனத்திலிருந்து நாலு பேர் எஞ்சின் பார்க்க வந்தார்கள். "யோசிச்சிக்கினே இருந்தேன், பட்டுனு தோணிச்சு" என்றார் இவர். நான் மோர் கொடுத்தேன்.

27-7, ஆடி வெள்ளி
அம்மன் கோயில் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம். பூட்டியிருந்ததை இவர் தூக்கிக் கொடுத்துவிட்டு, எஞ்சினை எண்ணெயிலேயே நிறுத்திவிட்டுப் போனார். "எண்ணெயில ஓடறது எண்ணெயில நிக்காதா?" கோயிலில் அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது.

28-7
காலையிலிருந்து எஞ்சின் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். கிளம்பவில்லை.

31-7
எஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் நாசிலை ஐசக் கழற்றினார். கருப்பாய்க் காரை கட்டி அடைத்திருந்தது. "டீசல் வுட்டு நிறுத்தலியா, நைனா?" இவர் வரப்பைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களிடம், "இவ பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். ஐசக் என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. நாலு பேர் முன்னால் அவர் மானம் போய்விடுமாம். என் மானம்? அடிப்பாவி, வாயைத் திறந்து தொலைச்சா இன்னா?

6-8
பாதிக் கதிர் பதர். "இந்த வூட்டுக்கு ஒரு படிச்சவ போதும்" என்றார். ஞானசுந்தரி அழவில்லை. "அன்னிக்கு நீ ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

22-8
புது நாசில் வந்தது. டீசலும் வந்துவிட்டது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது.
ஞானசுந்தரி அப்பாவிடம் பேசுகிறாள். என்னிடம்தான் பேசுவதில்லை.