காலைத் தும்மல்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

கடிதம் எழுதுவதற்காக முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று உறையைப் பார்த்ததுமே பதறியிருப்பீர்கள். உங்கள் தம்பி சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். இந்த நிமிடம்கூடத் துணி காயப்போடுகிறேன் பேர்வழி என்று மொட்டை மாடியில் கீழ்வீட்டுக்காரரைப் பிடித்து வைத்துக் கதையளந்துகொண்டிருக்கிறார். செய்தியாக அனுப்பினால் என் போனை அவரும் எடுத்துப் பார்ப்பார். பேசலாம் என்றால், நீங்கள் பேச ஆரம்பித்தபின் நடுவில் எங்கே புகுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதனால்தான் காகிதம். உங்கள் தம்பி என்றே எழுதுகிறேன். என் கணவர் என்று எழுதினால் உங்களிடமே பங்குக்கு வந்து நிற்பது போல இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். முன்போல லிப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கக் கூடாது, தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவரை அலுவலகத்தில் போன் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய கூட்டாளிகள் எல்லோரும் அவருக்காக முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றார்களாம். அன்று மதியம் ஒரு பெண்மணி லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். ஆள் போய்ச் சேரும்வரை உங்கள் தம்பிதான் போனில் பேசிக்கொண்டே இருந்தாராம். "காத்து வரும்மா, மூச்சு முட்டாது. நான் இதைவிடச் சின்ன ரூம்ல மாசக்கணக்கா இருந்தேன், நல்லாத்தான் இருக்கேன்." அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, நீங்க எந்த லிப்டுல மாட்டினீங்க என்று கேட்டாராம்.

எவ்வளவு நல்ல கதை. அன்று நான் அரை நாள் விடுப்பு போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தார், செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், படுத்துவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா இருந்துச்சு என்றார். இரண்டு நாள் கழித்து நீங்கள் போனில் சிரித்துக்கொண்டே அந்த லிப்டு அம்மா கதையை என்னிடம் சொன்னீர்கள். அவரிடம் கேட்டால், பஸ்ஸில் வரும்போதே அக்காவிடம் சொல்லிவிட்டேனே, உன்னிடம் சொல்லவில்லையா என்றார். மறைக்கவில்லை, அண்ணி. ஒரு தடவை சொன்னதும் அவருக்குச் சொல்லியாகிவிட்டது. அவ்வளவுதான்.

படித்தவள் என்று எனக்கு வைத்த செல்லப் பெயரோடு நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் "டிகிரி, கிளை அலுவலகம் எப்படி நடக்குது? தலைமை அலுவலகம் விசாரிச்சேன்னு சொல்லு" என்பீர்கள். உங்கள் ரத்தம் ஓடுவதால் கிளையாகிவிட்ட அவரும் அங்கிருந்தே தலைமை அலுவலகத்துக்கு வணக்கம் என்று கத்துவார். பார்க்க வருகிற உறவினர்களும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள். நானும் சிரிப்பேன். அந்த அலுவலகத்தில் எனக்கு என்ன வேலை என்று யோசித்தபடியே தேநீர் போடப் போவேன். கேட்டில் உட்கார்ந்து வருகிறவர் கையில் மருந்து ஊற்றித் துடைத்து உள்ளே அனுப்புகிற ஆள். உங்கள் சித்தப்பா ஒரு நாள் என்னை வைத்துக்கொண்டே, அக்காக்காரி உயிரையே கொடுத்துவிட்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் கூடத்தானே இருந்தே?" என்றார். ஆமாம் மாமா, கூடத்தான் இருந்தேன் என்றேன்.

கல்யாணம் பேசியபோது எங்களுக்குப் பொருத்தம் பிரமாதம் என்று சொன்னவர்கள் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அங்கே எலும்பு மஜ்ஜைக்குப் பார்த்த பொருத்தத்தில் நீங்கள் முழு மதிப்பெண். நானும் பரிசோதனைக்குக் கை நீட்டினேன் என்பது உங்களுக்குத் தெரியாது. மனைவிக்குப் பொருந்துவது லாட்டரி விழுவது மாதிரி என்று அந்த ரத்தம் எடுக்கிற பையன் முதலிலேயே சொன்னான். இருந்தாலும் எடுங்கள் என்றேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. அதில் தோற்றேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வந்து, எலும்பெல்லாம் வலிக்க வைக்கும் அந்த ஊசிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு, மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தவள். அப்போதும் நர்சிடம், "இவ்வளவு எடுக்கறீங்களே, எடை குறையுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தீர்கள். அதற்குப்பின் நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். அவர் வாய் முழுக்கப் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தது, முடி தலையணையோடு வந்தது, நான் முகக்கவசத்தோடு நின்றபோது என்னை நர்ஸ் என்று நினைத்து மரியாதையாக "சிஸ்டர், என் வீட்டுக்காரி வந்தாளா?" என்று கேட்டது, இதெல்லாம் என் பங்கு. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் கணக்குப் பார்ப்பது போல ஆகிவிடுகிறது.

அவருடைய ரத்த வகை மாறி உங்கள் வகையே ஆகிவிட்டது என்று தெரிந்த நாளில் வீடே கொண்டாடியது. அதன்பின் தும்மல் வந்தது. காலையில் எழுந்ததும் நீங்கள் தும்முவீர்களே, முகத்தைச் சுளித்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் காலையில் தும்மி நான் கண்டதில்லை. ரத்தம் கொடுத்தவருடைய ஒவ்வாமையும் சில நேரம் கூட வந்துவிடும் என்றார் டாக்டர். உங்களுக்கு இது தெரிந்ததும் எத்தனை குதூகலம். எனக்கோ தினமும் காலையில் நீங்கள் எங்கள் படுக்கையறைக்குள் வந்து நிற்பது போல இருந்தது.

நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். சாயப் பட்டறையில் நிறம் பார்க்கும் அறையில் என் நாற்காலியை ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். கெட்டிக்காரப் பெண். நான் திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி ஓரத்தில் உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அனுப்பத் தயாராக இருந்த நீலத் துணியை அவள் சரி என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பார்த்ததுமே உறுத்தியது. எங்கள் அறையில் ஒரு பெட்டி உண்டு, உள்ளே விதவிதமான விளக்குகள். ஒரு விளக்கில் மாதிரியும் துணியும் ஒன்றாகத் தெரியும், அடுத்த விளக்கைப் போட்டால் வேறு வேறாக நிற்கும். விளக்கை மாற்றிக் காட்டினேன். அன்றைக்கே மேலாளர் என் நாற்காலியை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் நிலைமை எனக்கு நன்றாகவே புரிந்தது.

அங்கே கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு வீட்டில் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

போன மாதம் ஒரு காலை, அவர் தும்மவில்லை. மறுநாளும் இல்லை. நான் வாய் திறக்கவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. பல் தேய்த்துக்கொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டொரு நாளில் நான் வேலையில் இருக்கும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தார். மெஷின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "அவரோட சொந்த செல்லு கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சிருக்கும்மா. நாளைக்கு டாக்டரைப் பாத்துடுங்க."

சொந்த செல். அண்ணி, எனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவர் திரும்பி வருகிறார் என்று கேட்டது. நான் கட்டிக்கொண்ட ஆள், தும்மாத ஆள். வழியில் ஒரு கேக் வாங்கினேன். வாசலிலேயே, "உங்க சொந்த ரத்தம் திரும்ப வருதாம்" என்றேன். ஆஸ்பத்திரி விஷயத்தில் நான் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார், படித்தவள் சொல்கிறாள் என்று. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. உடனே போனை எடுத்தார், அக்காவிடம் சொல்ல. நாளைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்று நான்தான் போனை வாங்கி வைத்தேன். ஒரே ஒரு நல்ல சேதியாவது முதலில் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் மேஜையில் தாளம் போட, அந்தக் கேக்கை இரண்டு பேரும் வெட்டிச் சாப்பிட்டோம்.

மறுநாள் டாக்டரம்மா எங்கள் சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் புரட்டினார். நான்தான் கேட்டேன், சொந்த ரத்தம் வருவது நல்லதுதானே என்று. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது திரும்பி வரக் கூடாதும்மா. அதுலதான் வியாதி இருந்துச்சு."

மருந்து கொடுத்து அவருடைய பழைய ரத்தத்தின் வேரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் உங்களுடையதை ஊன்றியிருக்கிறார்கள். உங்களுடையது முழுதாக நிற்கும்வரை நோய்க்கு உள்ளே இடமில்லை. பழையது தலைகாட்டினால், பின்னாலேயே நோயும் வரலாம். இன்னும் வரவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது என்றார். தும்மலைப் பற்றியும் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை என்றார். இருக்கலாம். ஆனால் நான் எதைத் திரும்ப வேண்டுமென்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேனோ அதன் பெயர் எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். என் மேல் கோபமோ என்று பயந்து போயிருந்தேன். இறங்கும் இடம் வந்தபோது, "நேத்து சாயங்காலம் நல்லா இருந்துச்சுல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து கேக் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

உங்கள் ரத்தத்தின் வேகத்தை அடக்கி வைத்திருந்த மருந்துகளைக் குறைத்துப் பார்த்தார்கள். போதவில்லை என்று முந்தாநாள் தெரிந்தது. டாக்டரம்மா அடுத்து ஒரு வழி சொல்கிறார். அதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று உங்கள் தம்பி என்னிடம் சத்தியம் கேட்டார். போன தடவை வந்துபோன பிறகு உங்கள் கம்பெனியில் நீங்கள் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த தையல் பிரிவை வேறு ஆளுக்குக் கொடுத்து, உங்களைப் பழையபடி தையல் மெஷினில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களிடம் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னீர்கள். இப்போதுதான் மறுபடி பிரிவு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. "அவ நாற்காலியை ஒரு தடவை பிடுங்கினது போதும்" என்கிறார். நாற்காலி போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு நாளாக இந்தக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். சத்தியம் மட்டும் செய்து கொடுக்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக இருக்கும். போகவில்லை, அண்ணி. அது போகட்டும், சுத்தமான மனதோடு கேட்கலாம் என்று காத்திருக்க நேரமும் இல்லை. அதனால் அதை வைத்துக்கொண்டேதான் கேட்கிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் வாருங்கள். இந்த முறை எலும்பை வலிக்க வைக்கும் ஊசிகள் இருக்காதாம். இரண்டு கையிலும் ஊசி குத்தி, உங்கள் ரத்த அணுக்களை மறுபடி எடுக்க ஒரு பகல் மெஷினோடு உட்கார வேண்டும். நீங்கள் உட்காரும்போது கண்ணாடிக்கு வெளியே நிற்க மாட்டேன், பக்கத்தில் இருக்கிறேன். உங்கள் தம்பி கோபப்பட்டால் என் மேல் படட்டும். அவர் வேண்டாம் என்று போனில் எவ்வளவு சொன்னாலும் கேட்காதீர்கள். வாழ்க்கையில் ஒரு தடவை, அவர் சொல்வதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

அவருக்குள் ஓடுவது ஒரு சொட்டு விடாமல் உங்களுடையதாகவே இருக்கட்டும். என் பங்கு என்று அதில் எதுவும் வேண்டாம். காலையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தும்ம வேண்டும். வந்து கொடுங்கள், அண்ணி.

வணக்கத்துடன்,
உங்கள் டிகிரி