சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலி

சார்ஜா
9.2.2025

அன்பு மனைவி கலைமகளுக்கு,

சதீஷ் எழுதுவது. நீ கேட்டபடியே காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அறையில் இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து லவ் லெட்டரா அண்ணே என்று கேட்கிறான் பக்கத்துக் கட்டில்காரன்.

சிரிப்பு இருக்கட்டும். வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ கேட்பதில்லை. ஃபோன் பண்ணினால் இரண்டு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை, உடனே வானதியிடம் கொடுத்துவிடுகிறாய். நாலாவது படிக்கிற பிள்ளையிடம் நான் என்ன குடும்ப விஷயம் பேசுவது? வீடியோவில் வந்தாலும் படம் நின்று நின்று வருகிறது என்று வைத்துவிடுகிறாய். போன தடவை நான் வந்துபோனதிலிருந்தே நீ சரியில்லை. என்மேல் ஏதாவது வருத்தம் என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடு. இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் கடல் தாண்டி இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இங்கே வேலை அதேதான். சாரத்தில் ஏறுவதும் இறங்குவதும். முட்டி வலி ராத்திரியில் அதிகம். ஏப்ரலில் விசா புதுப்பிக்க வேண்டும். எல்லாம் எங்கள் மேனேஜர் ஜாஃபர் சாதிக் பாய் கையில்தான் இருக்கிறது. உங்கள் மில் முதலாளி மூஸா பாயைப் பார்த்தால், தன் மச்சான் ஜாஃபர் பாயிடம் நமக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. என்னை இங்கே சேர்த்துவிட்டதே மூஸா பாய்தானே, மறந்திருக்க மாட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சதீஷ்

*

குடவாசல்
16.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கலை வணக்கத்துடன் எழுதுவது. நானும் வானதியும் நலம். முட்டிக்குத் தைலம் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. சம்பா நெல் வந்து குவிகிறது, மில்லில் இரண்டு ஷிப்டு ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் பேச உடம்பில் தெம்பில்லை. அவ்வளவுதான்.

இந்த வாரம் எங்கள் மில்லுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அந்தக் கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் போனதும் சூப்பர்வைசர் சிங்காரவேலு அண்ணன் எல்லோருக்கும் புது ஷூ, முகமூடி, காதுமூடி கொடுத்தார். காதுமூடியில் விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. தர்மாம்பாள் அக்காவுக்கு வந்தது இரண்டும் இடது கால் ஷூ. அதைப் போட்டுக்கொண்டு அக்கா நாள் முழுக்க ஒரு பக்கமாகவே நடந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தாயிற்று.

வந்தது ஒரு பெண் ஆபீசர், அனுராதா என்று பேர். சின்ன வயசுதான், ஆனால் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவசர வாசலை மூட்டைகள் அடைத்திருப்பதைப் பார்த்தார். நெல் ஊறவைக்கிற தொட்டியைச் சுற்றித் தடுப்பு இல்லாததைப் பார்த்தார். பெல்ட்டுகளின் மேல் இருக்க வேண்டிய இரும்புக் கூண்டு எங்கே என்று கேட்டார். துடைப்பதற்காக இன்றைக்குத்தான் கழற்றினோம் என்றார் சிங்காரவேலு அண்ணன். அந்த அம்மா நேராகக் குடோனுக்குப் போய், மூட்டைக்குப் பின்னால் கிடந்த கூண்டைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலால் தேய்த்துப் பார்த்தார். ஆயுத பூஜைக்குக் கழற்றிக் கழுவி நாங்கள் வைத்த சந்தனம் பொருபொருவென்று உதிர்ந்தது. பூஜை முடிந்து பொரி தின்றதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டோம். வருஷா வருஷம் அப்படித்தான்.

அப்புறம் காது பார்க்கிற வண்டி. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். யாருக்காவது காது மந்தம் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று சிங்காரவேலு அண்ணன் முன்னாடியே சொல்லியிருந்தார். நான்தான் முதலில் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண் சத்தம் விடும்போதெல்லாம் அவள் முழங்கை லேசாக அசைந்தது. வெளியே வந்து எல்லோரிடமும் சொன்னேன், முழங்கையைப் பார்த்து அமுக்குங்கள் என்று. மெஷின் சத்தத்தில் வாயையும் கையையும் பார்த்தே பேசிப் பழகினவர்கள் நாங்கள், எங்களுக்கா தெரியாது? அத்தனை பேரும் பாஸ். தர்மாம்பாள் அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் கேட்காது, அதுவும் பாஸ்.

ஆனால் ஆபீசர் அம்மா அந்த டெஸ்ட் சீட்டுகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வருவாராம்.

என்றும் உங்கள்,
கலை

*

சார்ஜா
23.2.2025

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதத்தை அறையில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடது கால் ஷூவைக் கேட்டு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இங்கே அந்தப் பாச்சா பலிக்காது. காதை அடைக்காமல் உள்ளே போனால் அன்றைய கூலியில் பிடித்துவிடுவான்.

ஆனால் சிரித்து முடிக்கும் முன்பே ஜாஃபர் சாதிக் பாய் கூப்பிட்டுவிட்டார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, சுற்றி வளைத்துத்தான் பேசினார். மூஸா பாய் ரொம்ப மனம் நொந்துபோயிருக்கிறாராம். அந்த ஆபீசர் தொழிலாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதி வாங்கப் பார்க்கிறாராம். கடைசியில், "நம்ம ஆளுங்களே நமக்கு எதிரா நின்னா எப்படி சதீஷ்? வீட்ல கொஞ்சம் சொல்லி வைங்க" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

கலை, ஏப்ரல் வரை எதிலும் மாட்டிக்கொள்ளாதே. எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லு. எதிலும் கையெழுத்துப் போடாதே. சாரத்தின்மேல் நிற்கிறவனுக்குக் கீழே இருந்து பலகையை உருவிவிடாதே.

நேற்றும் ஃபோனை எடுத்து 'ஆங், சரி, சரி' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அது ஏன் என்று இந்தத் தடவையாவது எழுது.

சதீஷ்

*

குடவாசல்
2.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை அனுராதா மேடம் அதே வண்டியோடு திரும்ப வந்தார். கண்ணாடி அறைக்குள் நாற்காலியை எடுத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். இந்தத் தடவையும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தேன். எதிரே வெறும் சுவர். பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாக ஆரம்பிக்கவே இல்லை. மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பெண் வந்து என் தோளைத் தொட்டாள். டெஸ்ட் முடிந்துவிட்டதாம்.

வலது காது ரொம்ப மோசம், இடது காது கொஞ்சம் பரவாயில்லை என்றார் வண்டியில் வந்த டாக்டர். அரிசியில் கல்லும் கறுப்பும் பிரிக்கிற மெஷின் பக்கத்திலேயே காற்றடிக்கிற கம்ப்ரசர் ஓடுகிறது. அதனடியில் எத்தனை வருஷமாக நிற்கிறேன். முதலில் போனது வானதி குரல்தான், சின்னப் பிள்ளைகள் குரல்தான் முதலில் போகுமாம். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இப்போதெல்லாம் வந்து முந்தானையை இழுக்கிறாள். ஃபோனில் உங்கள் குரல் இரைச்சலாக வருகிறது, வார்த்தை பிரியவில்லை. வீடியோவில் உங்கள் வாய் ஒரு பக்கம் போகிறது, சத்தம் ஒரு பக்கம் போகிறது. வாய்ஸ் மெசேஜைக் காதில் வைத்து அழுத்தி அழுத்திக் காதுதான் சிவந்தது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை மாமா. எனக்குக் கேட்கவில்லை.

வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. செவிட்டுப் பெண்டாட்டி என்று நினைப்பீர்களோ என்றுகூட நினைத்தேன். போன தடவை நீங்கள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு என்னென்னவோ பேசினீர்கள். ரொம்ப நேரம் பேசினீர்கள். இருட்டில் உங்கள் வாய் தெரியவில்லை. தாடை அசைவது மட்டும் என் தோளில் பட்டது. நான் சும்மா உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அன்று என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அனுராதா மேடம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். வேலை செய்கிற ஒருவராவது கையெழுத்துப் போட்டால்தான் வழக்கு நிற்குமாம், இல்லாவிட்டால் அபராதம் கட்டிவிட்டு அப்படியே ஓட்டுவார்களாம். மற்றவர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். தர்மாம்பாள் அக்கா, வயசான காலத்தில் காது எதுக்கு, சோறுதான் வேண்டும் என்கிறது. என் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள், ரிஃப்கா என்று பேர், போன வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்தவள். அவள் மெல்லப் பேசுகிறவள், அதனால் எப்போதும் என் காதோடு வந்து பேசுகிறாள். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

உங்களைக் கேட்காமல் போட மனசு வரவில்லை. பதில் எழுதுங்கள்.

உங்கள் கலை

*

சார்ஜா
9.3.2025

என் கலைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத வரவில்லை. பேனாவை எடுப்பேன், வைப்பேன். இங்கே ஒவ்வொரு நாளும் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். நீ அங்கே என்ன செய்கிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. உன்னைப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

அந்த ராத்திரி சொன்னதைக் கேட்டாய். சொல்கிறேன். இனி நான் போகவில்லை கலை, உடம்பு முடியவில்லை, உங்கள் சித்தப்பா நிலத்தைக் குத்தகைக்குக் கேட்போம், குறுவையும் சம்பாவும் போட்டுக்கொண்டு இங்கேயே கிடப்போம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். உம் என்றாய். நிஜமாகத்தான் கேட்கிறேன் என்றேன். அதற்கும் உம். அந்த உம்மில் உயிரே இல்லை. காலையில் பார்த்தால் என் பையில் முறுக்கும் ஊறுகாயும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாய். சரி, இவளுக்கு நான் அங்கே இருந்து பணம் அனுப்புவதுதான் வசதி போல என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். விமானத்தில் அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா?

இதற்குமேல் எழுதப்போவதற்கு என்னைத் திட்டாதே. ஏப்ரல் வரை பொறுத்துக்கொள் கலை. போன காது திரும்பி வரப்போவதில்லை. இருக்கிற வேலையாவது இருக்கட்டும். விசா கையில் வந்ததும் நீ எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடு, நான் தடுக்கமாட்டேன். காதுக்கு வைக்கிற மிஷின் இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன், வாங்கி அனுப்புகிறேன். நான் களைத்துப்போய்விட்டேன். சண்டை போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

உன் சதீஷ்

*

குடவாசல்
18.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் போட்டேன், அதையும் மறைக்கவில்லை. பொறுத்துக்கொள் என்ற இடம்வரை படித்தபோது பொறுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அப்புறம் மேலே திரும்பப் போய் அந்த ராத்திரி நீங்கள் சொன்னதைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். காது போனதைக்கூட வயசானால் போகிறதுதானே என்று விட்டிருப்பேன். என் புருஷன் போகவில்லை என்று சொன்னதை, நான் இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியதை, அந்த மெஷின் கொண்டுபோய்விட்டது. இதற்கு என்ன அபராதம் போடுவார்கள்? ஏப்ரல் போனால் அடுத்த ஏப்ரல் வரும் மாமா. அதற்குள் ரிஃப்காவுக்கும் கேட்காது.

மெஷின் பக்கம் வேலையை நிறுத்திவைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. பெல்ட்டுக்குக் கூண்டு மாட்டி, கம்ப்ரசரை வெளியே தனி அறையில் வைத்த பிறகுதான் ஓட்டலாம். நெல் வந்து குவிகிற நேரத்தில் எல்லோருக்கும் கூலி இல்லை. தர்மாம்பாள் அக்கா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்கு இரட்டை நஷ்டம், என்ன திட்டுகிறது என்றுகூடத் தெரிவதில்லை. ரேஷன் கடையில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எனக்கும் அசதியாகத்தான் இருக்கிறது. சில சமயம் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன்.

மூஸா பாய் நேற்று வீட்டுக்கே வந்தார். நோன்பு வாட்டத்தோடு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டும் உட்காரவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்னேன் பாய். போன வருஷமே கம்ப்ரசர் பக்கத்துல நின்னு சொன்னேன். அந்தச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

அவர் கிளம்பும்போது உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். மச்சானிடம் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. விசா போகலாம். போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காது மிஷின் வாங்க வேண்டாம், அனுராதா மேடம் இங்கேயே ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். ஆனால் ஃபோன் பண்ணித் திட்டாதீர்கள் மாமா, அத்தனையும் வீணாகப் போகும். எழுதித் திட்டினாலும் எனக்குப் போதாது. நேரில் வந்து, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிதானமாகத் திட்டுங்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
கலை