ஒரே காற்றைக் குடிக்கும் மூன்று

1978, வைகாசி. செவ்வாய் இரவு.

மூன்று கணிப்பொறிகளும் ஒன்றாகப் பழுதானால் என்ன ஆகும்? 

எங்கள் ஆலையின் குளோரின் வாயுவைக் கண்காணித்துக் கட்டுப்படுத்த ஒரு மதராஸ் கம்பெனி அவற்றை நிறுவி, மாசியிலிருந்து சோதனையாக ஓட்டுகிறது. மூன்றும் ஒரே கணக்கைப் போடும். ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் அதை ஒதுக்கிவிடும். பாதுகாப்பு அதிகாரியான நான் நாளை அவற்றை ஏற்கும் சான்றில் கையெழுத்திட வேண்டும். வாயு கசிந்தால் முதலில் மூச்சுத் திணறப்போவது வேலிக்கு அப்பால் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள்தான்.

"எதை வேணும்னாலும் நிறுத்திப் பாருங்க மேடம்," என்றார் கம்பெனி இன்ஜினியர்.

"இருங்கம்மா, நான் ஆலை கேட்டாண்ட போயி நின்னுக்கிறேன். அப்பால நிறுத்துங்க," என்றார் ஃபோர்மேன் முருகேசன்.

ஒரு கணிப்பொறியின் மின்சாரத்தைத் துண்டித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயுவின் அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை. எதையும் எளிதில் நம்பாத எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெகுநேரம் அந்த முள்ளையே பார்த்துவிட்டு, மின்சாரத்தை மீண்டும் கொடுத்தேன்.

பிறகு கேட்டேன்: "மூணும் இந்த உப்புக்காத்தைத்தானே குடிக்குது?"

இன்ஜினியர் போய் உப்பளப் பக்க ஜன்னலைச் சாத்தினார்.

புதன். நான் போனபோதே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரவில் ஒன்று தானாகவே நின்றிருக்கிறது; உள்ளே செப்பு முனைகளில் உப்புக்காற்று அரித்துப் பச்சை பூத்திருந்தது. மற்ற இரண்டும் காவலை விடவில்லை. ஒன்றையாவது காற்றுப் புகாத தனி அறைக்கு மாற்ற வேண்டும் என்று சான்றில் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டேன். வேலிக்கு அப்பால் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.