என் முழங்காலுக்காக நீ விட்டுக்கொடுத்த கார்

இன்று காலை ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அந்தப் பச்சைக் கார் வந்து நின்றது. நிறம் வெளுத்துப் பாசி படிந்த சுவர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒரு பக்கத்து விளக்கைக் காணோம். ஆனாலும் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டி வந்தவர் உன் உயரம்தான் இருப்பார். சாவகாசமாக இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு ஸ்டேஷனுக்குள் போனார். நம் கறுப்பு வண்டியில் சாய்ந்தபடி நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் ஓடிப் போய் அதன் மூக்கைத் தடவிக் கொடுத்திருப்பாய்.

அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நமக்குக் கார் ஓட்டத் தெரியும், கார்தான் கிடையாது. நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் கம்பெனி துரைக்கு ஓட்டினேன். நீ தண்டையார்பேட்டை டாக்டர் ஒருவருக்கு ஓட்டினாய். துரை சீமைக்குத் திரும்பிப் போனார். டாக்டரின் மருமகன் தானே ஓட்டப் பழகிக்கொண்டார். சில வாரங்களுக்குள் இரண்டு பேரும் தெருவுக்கு வந்துவிட்டோம். என் வீட்டில் அவள் நிறைமாதம். உன் வீட்டில் மூன்று குழந்தைகள். மாதா கோயில் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து நீதான் முதலில் பேச்செடுத்தாய்.

"இன்னொருத்தன் வண்டிய ஓட்னது போதும்டா நெட்ட. நாம்பளே ஒரு பயைய வண்டியா பாத்து வாங்கலாம். காலைல நீ ஓட்டு, மத்தியானத்துலேர்ந்து நான் ஓட்றேன். ஸ்டேஷன்ல வாடகைக்கு வுடலாம்."

வண்டி பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது, சவாரி வராவிட்டால் என்ன செய்வது என்று அன்று இரவெல்லாம் புரண்டேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் யோசிக்கவேயில்லை. என் உயரத்தை.

துரையும் என்னைப் போலவே ஒட்டகம். அவர் காரும் அதற்கேற்ற மாதிரி பெரியது. அதனால் கார் என்றாலே காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டுவது என்றுதான் எனக்குத் தெரியும். தண்டையார்பேட்டை ஷெட்டில் பழைய வண்டிகளைப் பார்க்கப் போனபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது.

ஷெட்டில் நம் கைக்கு எட்டும் விலையில் இரண்டே வண்டிகள் நின்றன. ஒன்று இந்தப் பச்சை. சின்னது, பித்தளை விளக்குகள் பளபளவென்று மின்ன நின்றது. இன்னொன்று அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பு வண்டி. பூதம் மாதிரி உயரம், கிழிந்த கான்வாஸ் கூரை. மூடியைத் திறந்து பார்த்தோம். இரண்டிலும் இன்ஜின் நன்றாகவே இருந்தது. நீ கறுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சையைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

"கல்யாணப் பொண்ணு மாரி ஷோக்கா கீதுடா! எண்ணெய் வேற கொஞ்சமாத்தான் குடிக்குமாம். ஏறிக் குந்து, பாக்கலாம்."

ஏறிக் குந்தினேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் மேலே வந்து நின்றன. தலை கூரைக் கம்பியில் இடித்தது. அந்தக் கார்களில் ஸீட்டை முன்னே பின்னே நகர்த்த வழியில்லை. அடித்து வைத்தது அடித்து வைத்ததுதான்.

"முட்டி இடிக்குதுடா" என்றேன்.

"மடக்கிக்கினு குந்து. பயகினா சரியாப் பூடும்."

உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு காலை மடக்கிக்கொண்டேன். எண்ணூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றோம். ஷெட்டுக்காரர், "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது. அதுக்குள்ள வந்துடுங்கப்பா" என்று சொல்லி அனுப்பினார்.

திருவொற்றியூர் தாண்டும் வரை பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. வலது பக்கம் கடல், இடது பக்கம் மணல், நடுவே ஒடுங்கிய ரோடு. நீ பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாய். எனக்கோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் சக்கரம் முழங்காலை உரசிக்கொண்டிருந்தது. வேர்த்து ஊற்றியது. எதிரே மீன்காரிகள் ஐந்தாறு பேர் கூடையோடு வந்தார்கள். ஹாரன் குமிழை அமுக்கினேன். எல்லோரும் ஒதுங்கினார்கள். ஒருத்தி மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடு ரோட்டில் நின்றுவிட்டாள்.

பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. முழங்கால் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வண்டியை ஒடித்துத் திருப்பப் பார்த்தேன், ஸ்டியரிங்கும் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் மூக்குத்தி தெரிகிற அளவுக்குக் கிட்டே போய்விட்டோம். நான் "மாதாவே" என்று கத்தியது நினைவிருக்கிறது. நீ பாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து உன் பக்கம் இழுத்தாய். என் முழங்கால் தோல் உரிந்தது. வண்டி அவள் கூடையை உரசிக்கொண்டு இடது பக்கம் மணலில் புதைந்து, ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது.

மீன்கள் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தன. அந்தப் பெண் நடுக்கம் தீர்ந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"இன்னாய்யா, ஆளு மேல ஏத்திடுவியா? கண்ணு அவிஞ்சு பூட்ச்சா?"

அப்போதும் என் கால் சிக்கித்தான் இருந்தது. நீ கதவைத் திறந்து, என்னை மூட்டை மாதிரி வெளியே இழுத்தாய். நான் நிமிர்ந்து நின்றதும் அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

"அடப்பாவி! இம்மாம் ஒசரத்த இந்த டப்பாக்குள்ள எவன்டா சொருவனது?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. மீனுக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு, வண்டியை மணலிலிருந்து தள்ளி ஏற்றினோம். திரும்பி வரும்போது நீ ஓட்டினாய். உன் கைக்கும் காலுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த வண்டி ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்க என் பயம் வேறு விதமாகத் திரும்பியது. இவன் தனியாகவே இதை வாங்கிக்கொண்டால் நான் எங்கே போவேன்? வீட்டில் அவளிடம் என்ன சொல்வேன்?

திருவொற்றியூர் வந்ததும் நானே சொல்லிவிட்டேன். "நீ இத்த எட்த்துக்கோடா. உனக்கு ஒயுங்கா கீது. நான் வேற வேல பாத்துக்கறேன்."

ஷெட்டில் வண்டியை நிறுத்தினாய். இறங்கினாய். நேராகப் போய்க் கறுப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தாய். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேலே உன் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. கால் கிளச்சுக்கு எட்டவில்லை. ஸீட்டின் நுனிக்கு வழுக்கி வந்து, பெருவிரலால் துழாவினாய். ஷெட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சிரிப்பு? ஒரு தலகாணி இருந்தா குடுய்யா!" என்று சத்தம் போட்டாய். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாய்: "உன் கால வெட்ட முடியாதுடா நெட்ட. என் முதுகுக்கு ரெண்டு தலகாணி வெக்கலாம்."

பச்சையைக் கடைசியாக ஒரு தரம் தடவிவிட்டு நீ வெளியே வந்ததை நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கறுப்பு வண்டி நம்முடையதாயிற்று.

உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, அதுதான் அந்தத் தலையணைகளைத் தைத்தது. முதுகுக்கு ஒன்று, உட்காரும் இடத்துக்கு ஒன்று, இலவம்பஞ்சைத் திணித்துக் கெட்டியாக. நான் வாங்கிப்போக வந்தபோது நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டது: "அண்ணே, அவருக்கு ரோடு தெரியுமா அதுல?"

"தெரியும்மா" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. எனக்கு வசதியாக ஒரு வண்டியை வாங்கிவிட்டு, அதில் உன்னைச் சாக அனுப்புகிறேனோ என்று தோன்றியது. அந்த நினைப்பு உன்னிடம்கூடச் சொல்ல முடியாத நினைப்பு.

அதனால்தான் தினமும் விளக்கேற்றும் நேரத்தில் ஸ்டேஷன் மூலைக்கு வந்து நிற்க ஆரம்பித்தேன். காலையில் நான் ஓட்டி, மத்தியானம் உன்னிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தாலும் தூக்கம் வராது. மகள் பிறந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டும் வந்து நின்றேன். தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து அந்தப் பெரிய மூக்கு திரும்பினால்தான் எனக்கு மூச்சு வரும். வண்டி தானாக ஓடி வருவது போலிருக்கும். கிட்டே வந்தால்தான் உன் தலை தெரியும். உடனே ஒரு பீடி வாங்க வந்தவன் மாதிரி கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு மழைநாளில் நீ வரவில்லை. விளக்குகள் ஏற்றி வெகு நேரமாகிவிட்டது. நனைந்துகொண்டே தண்டையார்பேட்டை வரை ஓடினேன். ரயில்வே கேட் பக்கத்தில் கும்பல் ஒன்று நின்றது. கும்பலை விலக்கிப் பார்த்தால், நீ சேற்றில் குந்தி டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறாய். நாலு பேர் உனக்குத் துணியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இன்னாடா நெட்ட, இந்த மயைல எங்க கெளம்பின?"

"சொம்மா" என்றேன்.

"சொம்மாவா? மூஞ்சியப் பாரு, பேஜாராப் பூட்ச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி டயர் பக்கம் குனிந்துகொண்டாய்.

வருஷங்கள் ஓடின. கூரையை இரண்டு தரம் மாற்றினோம். ஒவ்வொரு நாளும் நீ திரும்பி வந்தாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது வண்டி இல்லை, மார்ச்சளி. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ இன்னும் சின்ன உருவமாகக் கிடந்தாய். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினாய்.

"தெனம் மூலைல நின்னுகினு இருந்தியே... எனக்குத் தெரியாதுன்னு நென்ச்சியா?"

நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"ஒரு கோயிக்குஞ்சக் கூட இடிக்கலடா நான்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் வாயால் நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

இப்போது வண்டியை நான் ஒருவனே ஓட்டுகிறேன். பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன். வருகிற பணத்தில் தங்கச்சி வீட்டுப் பங்கு தவறாமல் போகிறது. உன் பெரியவன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் கவலை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. தெருவிளக்குகளை ஏற்றத் தொடங்கியதும் வீட்டில் இருக்க முடியவில்லை. சற்று முன் கழற்றி மாட்டிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். "எங்க போறே நைனா?" என்று மகள் கேட்கிறாள். "தோ வந்துட்றேன்" என்கிறேன். மூலையில் நின்று தண்டையார்பேட்டைப் பக்கமே பார்க்கிறேன். வருகிற வண்டிகளெல்லாம் யாராருடைய வண்டிகளோ. ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவன் தலை நன்றாகத் தெரிகிறது.

கடைசி வண்டியும் போன பிறகு, இடிக்காமல் வந்து சேர்ந்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறேன்.