செவலைக்குப் புண்ணாக்கு, உனக்கு அரை வயிறு

திண்டிவனம்
2-2-1938

அன்பு மகள் தையல்நாயகிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று வழக்கம்போலக் கேட்க இந்தத் தடவை மனம் வரவில்லை, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான உனக்கு ராத்திரிச் சோற்றை மாமியார் நிறுத்திவிட்டதை நீயே எழுதிவிட்டாயே. பதில் தாமதமானதற்குக் காரணம் உன் அப்பா. கோபத்தில் எழுதியதை அனுப்பாதே என்று நான் முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். கோபம் குறையவில்லை, இதை நானே தபாலில் போடுவேன்.

ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்ட உன் மாமனார் கோதண்டபாணி நேற்று கெடாரிலிருந்து வந்திருந்தார். நாகப்பூரில் பிள்ளை வீட்டில் இருந்துகொண்டு உங்கள் சம்சாரம் என் பெண்ணை ஏன் பட்டினி போடுகிறார் என்று காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டேன். "பட்டினி இல்லம்மா, வவுறு முட்டத் தின்னா புள்ளைக்கு மூச்சு முட்டும், தலயும் பெருத்துப் பூடும், எங்கூட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். உன்னைப் பதினேழு வயதில் பெற்றுப் பாட்டியிடம் விட்டுவிட்டு, ஊர் சிரிக்கச் சிரிக்கப் பிராணி சாஸ்திரம் படித்தவள் நான், சும்மா இருப்பேனா? இரைப்பை வேறு, கருப்பை வேறு, சோறு பிள்ளையின் தலையில் போய் விழுவதில்லை என்றேன். கைப்பிடி அளவு இருந்த கருப்பை பிள்ளை வளர வளரத் தானே விரிந்து இடம் பண்ணிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மூச்சும் ஆகாரமும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்திலிருந்து போகின்றன, தாய் சாப்பிடாவிட்டால் அவள் எலும்பைச் சுரண்டியாவது எடுத்துக்கொள்ளும், அதுவும் போதாமல் இளைத்துத்தான் பிறக்கும் என்றேன். "காலேஜ் படிச்சவங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா" என்று துண்டை உதறிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

அங்கே நம் செவலைப் பசு சினையாக நிற்கிறது. மாட்டுக்காரப் பச்சைமுத்து அதற்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான், பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா பச்சைமுத்து, செனை மாட்டுக்கு இவ்ளோதான் புண்ணாக்கா? உள்ள ஒரு உசுரு இருக்குதில்ல? இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடுடா, கன்னு நோஞ்சானா வந்து உழும்" என்று அதட்டினார். நான் பின்னாலேயே நின்றிருந்தேன். செவலைக்குக் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும், என் பெண்ணுக்கு ஒரே அறை, அதைத் தவிர உள்ளே ஓர் உயிர் இருந்தால் தீனி கூட வேண்டும் என்கிற நியாயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே என்று கேட்டேன். "இன்னாம்மா நீ, மாட்டையும் மருமவளையும் ஒண்ணா வெச்சுப் பேசற" என்று சிரித்தார். "ஒண்ணா வெச்சாலே போதும் சம்பந்தி, இப்ப மாட்டுக்குக் கீழேயில்ல வெச்சிருக்கீங்க" என்றேன். பச்சைமுத்து தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தான். சம்பந்தி சிரிக்கவில்லை. புறப்படும்போது மட்டும், "எம் பொஞ்சாதிகிட்ட நீயே சொல்லிக்க தாயி, என்னால ஆவாது" என்றார்.

ஆகவே சொல்கிறேன். கருப்பை மேலேறி இரைப்பையை நெருக்குவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது, அது மெய்தான். அதற்காகக் குறைக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடு. கேப்பை மாவும் வறுத்த மல்லாட்டைக் கடலை உருண்டையும் பார்சலில் வருகின்றன, ஒளித்து வைத்துத் தின்னாதே, கூடத்தில் உட்கார்ந்து தின்னு. மாப்பிள்ளை வாய் திறக்காவிட்டால் பரவாயில்லை, நீ வாயைத் திற. மாசி பிறந்ததும் நானும் அப்பாவும் ரயிலேறி வருகிறோம். வளைகாப்பு அங்கே, பிரசவம் இங்கே. யார் உத்தரவும் கேட்டு வரவில்லை.

நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ராத்திரிச் சோற்றை மறக்காதே. யார் சொல்லிச் சாப்பிடுகிறாய் என்று மாமியார் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடு. அவர் கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும் என்றுதான் எழுத்தை இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா
காந்திமதி